கொழும்பில் புதிதாக ஓடத் தொடங்குபவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வெள்ளவத்தை, பம்பலப்பிட்டிப் பக்கத்துச் சொந்தக்காரர், அலுவலக நண்பர்கள், லிஃப்டில் சந்திக்கிற அயலவர்கள் என்று பலர் என்னிடம் கேட்ட கேள்விகள் இவை. நான் பயிற்சியாளரும் இல்லை, வைத்தியரும் இல்லை. பள்ளிக்கூடத்தில் இல்ல விளையாட்டுப் போட்டி என்றால் கூடாரத்துக்குப் பின்னால் போய் நின்ற கூட்டத்தைச் சேர்ந்த ஆள், வளர்ந்து வேலைக்குப் போன பிறகு ஓடப் பழகியவர். வேகமாக ஓட வழி தேடுகிறவர்களுக்கு இங்கே ஒன்றும் கிடைக்காது. ஓட்டம் எனக்குச் சரிவராது என்று முடிவு கட்டிவிட்டவர்களுக்காக எழுதுகிறேன்.

எனக்கு 43 வயது. பஸ்ஸைப் பிடிக்க ஓடியதைத் தவிர வேறு ஓட்டம் தெரியாது. இனித் தொடங்கலாமா?

தொடங்கலாம். முள்ளியவளையைச் சேர்ந்த அகிலத்திருநாயகி அம்மா 70 வயதைத் தாண்டிய பிறகு, 2023இல் பிலிப்பைன்ஸில் நடந்த மூத்தோர் மெய்வல்லுநர் போட்டிக்குப் போய் 1500 மீற்றர் ஓட்டத்தில் தங்கம் வாங்கி வந்தார். அவரைப் போல நீங்களும் தங்கம் வாங்கவேண்டும் என்று யாரும் கேட்கவில்லை, ஆனால் 43ஐ ஒரு சாட்டாகச் சொல்லாதீர்கள்.

ஒரு விஷயம் மட்டும். பிரஷர், சீனி வருத்தம், இதய வருத்தம் இருந்தால், அல்லது வீட்டில் யாருக்காவது இளம் வயதில் மாரடைப்பு வந்திருந்தால் முதலில் வைத்தியரிடம் கதைத்துவிட்டுத் தொடங்குங்கள். இன்சுலின் போடுபவர்கள் கட்டாயம் கேட்கவேண்டும், ஓட்டம் சீனியின் அளவைக் கீழே இறக்கும். ஓடும்போது நெஞ்சு நோவு, தலைச்சுற்று, இடது கைக்கோ தாடைக்கோ பரவும் நோவு வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள், வீட்டுக்குப் போய்ப் படுத்துப் பார்ப்போம் என்ற யோசனை வேண்டாம்.

ஒரு நிமிடத்திலேயே மூச்சு வாங்குகிறது. எனக்கு ஏதும் வருத்தமா?

பெரும்பாலும் வருத்தமில்லை, வேகம்தான். ஓடத் தெரியாதவர்கள் எல்லாரும் 100 மீற்றர் ஓட்டம் ஓடுவதுபோலத்தான் தொடங்குகிறார்கள், ஏனென்றால் சின்ன வயதில் நாம் கண்ட ஓட்டம் அது ஒன்றுதான், விசில் ஊதினால் பாய்ந்து போவது. பக்கத்தில் வருபவரோடு ஒரு முழு வசனம் கதைக்க முடியவேண்டும், அதுதான் சரியான வேகம். தனியாக ஓடினால் பழைய பாட்டு ஒன்றை வாய்க்குள் முணுமுணுத்துப் பாருங்கள். முடியவில்லையா, இன்னும் மெதுவாக. அதற்கும் மூச்சு வாங்கினால் நடந்து, மூச்சு அடங்கியதும் திரும்ப ஓடுங்கள்.

என்ன திட்டத்தைப் பின்பற்றுவது?

‘கவுச் டு ஃபைவ் கே’ என்று ஒரு திட்டம் இருக்கிறது, 1996இல் ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் எழுதியது, சோபாவில் கிடக்கிற ஆளை 5 கிலோமீற்றர் ஓடவைக்கிற யோசனை. ஒன்பது கிழமை, கிழமைக்கு மூன்று நாள், ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் அளவில். முதற்கிழமை 5 நிமிடம் நடை, அதன் பிறகு 60 செக்கன் ஓட்டம், 90 செக்கன் நடை என்று மாறி மாறி 20 நிமிடம். கிழமை போகப் போக ஓட்டம் கூடும், நடை குறையும். இலவசச் செயலிகள் நிறைய இருக்கின்றன, காதுக்குள் ‘இப்போது ஓடு, இப்போது நட’ என்று சொல்லிக்கொண்டே வரும்.

ஒன்பது கிழமையில் முடிக்காவிட்டால் யாரும் வந்து கேட்கப்போவதில்லை. நாலாம் கிழமையை மூன்று தடவை செய்தவர்களை எனக்குத் தெரியும். இன்னொன்று, கடைசிக் கிழமையில் நீங்கள் 30 நிமிடம் ஓடுவீர்கள், ஆனால் அது 5 கிலோமீற்றராக இருக்கவேண்டும் என்றில்லை. கிலோமீற்றருக்கு 8 நிமிடம் எடுக்கிறவர் அரை மணித்தியாலத்தில் 4 கிலோமீற்றரைக்கூடத் தொடமாட்டார். பெயரில் 5 என்று இருக்கிறதே என்று மனம் உடையாதீர்கள், நிற்காமல் 30 நிமிடம் ஓடுவதுதான் வேலை.

என்னைவிட வேகமாக ஆட்கள் நடக்கிறார்கள். இதையும் ஓட்டம் என்று சொல்லலாமா?

சொல்லலாம். இரண்டு காலும் ஒரு கணம் நிலத்தில் இல்லாமல் இருந்தால் அது ஓட்டம், நடையில் எப்போதும் ஒரு கால் நிலத்தில் இருக்கும். வேறு விதி எதுவும் கிடையாது. சுதந்திர சதுக்கத்தில் வெள்ளைச் சப்பாத்தும் சுடிதாரும் போட்ட ஆன்ட்டிமார் கதைத்துக்கொண்டே உங்களைத் தாண்டிப் போவார்கள், அவர்கள் அங்கே பத்து வருடமாக நடப்பவர்களாக இருக்கலாம், போகட்டும்.

கொழும்பில் எங்கே ஓடுவது?

காலி முகத்திடல் புதியவர்களுக்கு நல்லது, வெட்டவெளி, கடற்காற்று, நீளம் கிட்டத்தட்ட அரைக் கிலோமீற்றர், அதனால் கணக்கு வைப்பதும் சுகம். விடிய மட்டும் போங்கள். பின்னேரத்தில் பட்டம், பந்து, இறால் வடை வண்டில், காதலர்கள், குடும்பங்கள் என்று கால் வைக்க இடமிருக்காது. ஞாயிறு பின்னேரம் நினைத்தும் பார்க்கவேண்டாம்.

சுதந்திர சதுக்கம் நிழலும் நல்ல தரையும் உள்ள இடம், விடிய 5.30க்கே ஆட்கள் இருப்பார்கள், தனியாக ஓடப் பயப்படுபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான். விகாரமகாதேவி பூங்காவில் மரநிழல் அதிகம், ஆனால் மழைக்குப் பிறகு சில பாதைகள் வழுக்கும். பத்தரமுல்லைப் பக்கம் இருப்பவர்களுக்குத் தியவன்னா ஓயாக் கரை இருக்கிறது, தியத உயனவைச் சுற்றி நடைபாதை நீளமாகப் போகிறது, நீர்க்காகங்களையும் பார்த்துக்கொண்டே ஓடலாம். கொட்டாஞ்சேனை, மட்டக்குளிக்காரர்களுக்குக் காக்கைதீவுக் கடற்கரைப் பூங்கா.

நம்முடைய ஆட்கள் அதிகம் கேட்பது வெள்ளவத்தை மரைன் டிரைவ். பக்கத்தில் தண்டவாளம், அதற்கு அப்பால் கடல், காற்றும் பிரமாதம். ஆனால் நடைபாதையில் வாகனங்களை ஏற்றி நிறுத்துகிறார்கள், நீங்கள் வீதியில் இறங்க, பின்னால் ஓட்டோ ஒன்று ஹோர்ன் அடிக்கும். விடிய 6 மணிக்கு முன், வாகனங்கள் வருகிற திசையைப் பார்த்தபடி ஓடினால் பரவாயில்லை. பௌர்ணமி விடுமுறையான போயா தினங்களில் கொழும்பு வீதிகள் எல்லாமே ஓடுவதற்கு நல்லவை. காலி வீதி மட்டும் எந்த நாளும் வேண்டாம், பஸ் புகையை ஆழமாக இழுக்கவா ஓடுகிறோம்?

எத்தனை மணிக்கு ஓடுவது? இந்த வெக்கையில் முடியுமா?

முடியும், ஆனால் குளிர்நாட்டுக்காரர் எழுதிய கணக்கு எதுவும் இங்கே அப்படியே பொருந்தாது. வெயிலைவிட ஈரப்பதன்தான் பிரச்சினை. வியர்வை வந்தால் போதாது, அது ஆவியாகவேண்டும், அப்போதுதான் உடம்பு குளிரும். கொழும்புக் காற்றில் ஏற்கனவே அவ்வளவு ஈரம், வியர்வை ஆவியாகாமல் சேர்ட்டை நனைத்துச் சொட்டிக்கொண்டிருக்கும். உடம்பைக் குளிர்விக்க இதயம் தோலுக்கும் இரத்தம் அனுப்பவேண்டியிருப்பதால் அதே வேகத்தில் துடிப்பு கூடும். லண்டனில் இருக்கிற மச்சான் கிலோமீற்றருக்கு 6 நிமிடம் என்று சொன்னால் இங்கே அது 7 ஆவது ஆகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு கிழமை அளவில் உடம்பு வெப்பத்துக்குப் பழகத் தொடங்கும், ஏசி அறையிலிருந்து ஏசி காருக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கஷ்டம்.

ஆண்டு முழுக்க சூரியன் 6 மணியை ஒட்டித்தான் உதிக்கிறது, ஆகவே 5.30க்கு வெளிக்கிட்டால் ஏழுக்கு முன் குளித்து முடித்துவிடலாம். பின்னேரம் என்றால் 5.30க்குப் பிறகு. ஒக்டோபர், நவம்பரில் பின்னேரங்களில் இடி மின்னலோடு மழை வரும், மின்னல் நேரத்தில் காலி முகத்திடல் போன்ற வெட்டவெளியில் நிற்கவே கூடாது. சும்மா மழை என்றால் ஓடுங்கள், அதைப்போல சுகம் இல்லை, அம்மாவிடம் பேச்சு வாங்கவேண்டியிருக்கும், அவ்வளவுதான்.

பெண்கள் தனியாக ஓடலாமா? ஆட்கள் பார்ப்பார்களே.

பார்ப்பார்கள். பார்க்கமாட்டார்கள் என்று சொன்னால் பொய். சிலர் ஏதாவது சொல்லவும் செய்வார்கள். மற்றவர்களும் ஓடுகிற இடத்தில், ஆட்கள் இருக்கிற நேரத்தில் தொடங்கினால் அது வெகுவாகக் குறையும். பாட்டுக் கேட்டால் ஒரு காதில் மட்டும். எந்த வழியால் போகிறீர்கள் என்று வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்கட்டும். முழங்கால் வரை வரும் தளர்ந்த டீசேர்ட், லெக்கின்ஸ், தலையை மூடிய ஓட்ட உடை என்று எல்லா விதமாகவும் பெண்கள் ஓடுகிறார்கள், உடையை விட நல்ல விளையாட்டு பிராவுக்குக் காசு செலவழியுங்கள்.

ஒரு பக்கக் கதை. காலி முகத்திடல் உலாவீதியை 1859இல் முடித்த பிரித்தானிய ஆளுநர் சேர் ஹென்றி வோர்ட் அங்கே ஒரு கல் நாட்டினார், கொழும்பின் பெண்களுக்காகவும் பிள்ளைகளுக்காகவும் இதைப் பேணும்படி தனக்குப் பின் வருபவர்களைக் கேட்டு. அவர் மனத்தில் இருந்த பெண்கள் நம்முடைய பூட்டிகள் இல்லை என்பது தெரியும். இருந்தாலும் கல்லில் எழுதியிருக்கிறது, உரிமையோடு ஓடுங்கள்.

தெருநாய்?

நின்று, திரும்பிப் பார்க்காமல் நடந்து கடந்துவிடுங்கள். ஓடினால்தான் துரத்தும். கடித்தால், கீறினால்கூட, சவர்க்காரமும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

எந்தச் சப்பாத்து வாங்குவது?

ஓடுவதற்கென்று செய்தது, பெருவிரலுக்கு முன்னால் ஒரு விரல் அகல இடம் இருப்பது, கடையில் நாலு அடி ஓடிப் பார்க்கும்போது எங்கேயும் கடிக்காதது. பின்னேரத்தில் போய் வாங்குங்கள், அப்போது கால் கொஞ்சம் வீங்கியிருக்கும். விலை உயர்ந்ததுதான் வேண்டும் என்றில்லை, ஆனால் தம்பி இரண்டு வருடம் கிரிக்கெட் விளையாடிவிட்டுக் கழற்றிப்போட்ட சப்பாத்தும் சரிவராது.

ஓடுமுன் என்ன சாப்பிடுவது?

விடிய அரை மணித்தியாலம் ஓட ஒன்றும் தேவையில்லை. பசித்தால் ஒரு கதலி வாழைப்பழம். தண்ணீர் முதல்நாள் இரவிலிருந்தே குடியுங்கள். ஓடி முடித்துச் செவ்விளநீர் குடிக்கலாம், நன்றாக வியர்த்துத் தலையிடித்தால் தண்ணீரில் கரைத்துக் குடிக்கிற உப்பு-சீனித் தூளான ஜீவனி ஒரு பைக்கற். புட்டும் கறியும் சாப்பிட்டுவிட்டு உடனே ஓடிப் பார்த்தவர்களுக்கு மீதியை நான் சொல்லத் தேவையில்லை.

முழங்கால் தேய்ந்துவிடும் என்கிறார்களே?

ஓடாத மாமாமார்தான் இதை அதிகம் சொல்கிறார்கள். பொழுதுபோக்காக ஓடுபவர்களுக்கு முழங்கால் தேய்மானம் மற்றவர்களைவிடக் கூடுதல் என்று ஆய்வுகளில் தெரியவரவில்லை. புதியவர்களுக்கு உண்மையில் வருவது கெண்டைக்காலுக்கு முன்புற எலும்பில் ஒரு நோவு. மூச்சும் இதயமும் சில கிழமைகளில் பழகிவிடும், எலும்பும் தசைநாணும் பழக மாதக்கணக்காகும், அந்த இடைவெளியில்தான் வினை. மூன்றாம் கிழமையில் ‘எனக்கு இப்போது நல்லா ஓடுது, ஒவ்வொரு நாளும் ஓடுவோம்’ என்று தோன்றும் பாருங்கள், அங்கேதான் கவனம். இடையில் ஒருநாள் ஓய்வு கட்டாயம். அடுத்தநாள் தொடை இறுகி நோவது சாதாரணம், மூன்று நாளில் போய்விடும். விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஒரே புள்ளியில் எலும்பு நொந்தால் ஓட்டத்தை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள்.

சரி, எப்போது சந்தோஷம் வரும்? எல்லாரும் ஏதோ பரவசம் என்கிறார்கள், எனக்கு வியர்வைதான் வருகிறது.

முதல் இரண்டு கிழமை ஒன்றும் வராது. அதை முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது, பாதிப்பேர் இந்த இடத்தில்தான் கழன்றுவிடுகிறார்கள். ஓடும்போது வரும் மிதப்பை எண்டோர்பினின் வேலை என்று சொல்வது வழக்கம். ஆனால் இரத்தத்தில் சுற்றும் எண்டோர்பின் மூளைக்குள் எளிதில் நுழைவதில்லை, உடம்பு தானே சுரக்கும், கஞ்சாவின் சேர்மங்களை ஒத்த எண்டோகன்னபினாய்டுகள்தான் காரணமாக இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். எதுவாக இருந்தாலும் ஒரு நிமிடம் ஓடி ஒன்றரை நிமிடம் நடப்பவருக்கு அது இலேசில் கிடைக்காது.

புதியவருக்குக் கிடைப்பது வேறொன்று, என்னைக் கேட்டால் அது அந்த மிதப்பைவிடப் பெரிது. மேலே சொன்ன திட்டத்தில் ஐந்தாம் கிழமை ஒரு குறும்பு இருக்கிறது. முதல்நாள் 5 நிமிட ஓட்டம் மூன்று தடவை, இரண்டாம் நாள் 8 நிமிடம் இரண்டு தடவை, மூன்றாம் நாள் திடீரென்று 20 நிமிடம், இடையில் நடை இல்லை. அட்டவணையைப் பார்த்ததும் அச்சுப்பிழை என்று நினைப்பீர்கள். அந்த மூன்றாம் நாள் ஓட்டத்துக்கு முந்தைய இரவு நித்திரை சரியாக வராது. எட்டாம் நிமிடம் வரை தெரிந்த பாதை, அதற்குப் பிறகு ஒவ்வொரு நிமிடமும் உங்கள் உடம்பு இதுவரை போகாத இடம். பன்னிரண்டு, பதின்மூன்றில் ‘போதும், யாருக்கு நிரூபிக்க’ என்று மனம் பேரம் பேசும். பதினாறில் விசித்திரமாக எல்லாம் இலேசாகும். இருபதில் காதுக்குள் குரல் நிறுத்தச் சொல்லும், சிலர் அதற்குப் பிறகும் கொஞ்சத் தூரம் சும்மா ஓடுவார்கள், நிறுத்த மனமில்லாமல். சுற்றிவர இருக்கிற ஒருவருக்கும் என்ன நடந்தது என்று தெரியாது. அழுதவர்கள் இருக்கிறார்கள், பெரிய பதவியில் இருக்கிறவர்கள்.

இருபது நிமிடம் ஓடியதற்கு அழுவதா? கொஞ்சம் கூடிப்போகவில்லையா?

நானும் இதை நிறைய யோசித்திருக்கிறேன். அல்பர்ட் பண்டுரா என்ற உளவியலாளர் 1977இல் எழுதிய கருத்து ஒன்று உண்டு: ‘என்னால் முடியும்’ என்ற நம்பிக்கை ஒருவருக்கு வரும் வழிகளில் மிக வலுவானது, தானே ஒன்றைச் செய்து முடித்துப் பார்ப்பது. மற்றவர் சொல்லும் உற்சாக வார்த்தை அதற்குக் கிட்டவும் வராது. அது ஒரு காரணம்.

இன்னொரு காரணம் நம்முடைய ஊர்ப் பழக்கம் என்று நினைக்கிறேன். நாம் சாதனை என்று சொல்லிக்கொள்வதெல்லாம் வேறொருவர் கையெழுத்துப் போட்டுத் தருவது. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில், ஓ.எல்.லில் எத்தனை ஏ, ஏ.எல்.லில் மாவட்ட நிலை, பிறகு வேலை, விசா, வீடு. ஒவ்வொன்றிலும் பக்கத்து வீட்டுப் பிள்ளை என்ன எடுத்தது என்ற கேள்வி கூடவே வரும். நல்ல பெறுபேறு எடுத்தவருக்கும் உள்ளே ஒரு சந்தேகம் இருக்கும், ரியூஷன் மாஸ்டர் கெட்டிக்காரர், பேப்பர் இலேசு என்று. இந்த இருபது நிமிடத்தில் சந்தேகப்பட ஒன்றுமே இல்லை. ஐந்து கிழமைக்கு முன் ஒரு நிமிடத்தில் குனிந்து முழங்காலைப் பிடித்த அதே ஆள், அதே கால். யாரும் திருத்தவில்லை, யாரும் புள்ளி போடவில்லை, யாருடைய சிபாரிசும் இல்லை. விளையாட்டுப் போட்டியில் ஒளிந்து திரிந்தவர்களுக்கு இது இன்னும் ஆழமாகப் போகும், ‘உனக்கு ஓட வராது’ என்று பத்து வயதில் யாரோ எழுதிவைத்ததை நாற்பதில் தாங்களே அழிக்கிறார்கள்.

செயலியில் மற்றவர்களின் நேரத்தைப் பார்த்தால் என்னுடையது கேவலமாக இருக்கிறது.

அந்தப் பக்கத்தை மூடிவிடுங்கள். 2022இல் நம்நாட்டு ஓட்டவீரர் யுபுன் அபேகோன் 100 மீற்றரை 9.96 செக்கனில் ஓடி, தெற்காசியாவிலேயே 10 செக்கனுக்குள் ஓடிய முதல் ஆள் ஆனார். அந்த மட்டத்தில் செக்கனின் நூறில் ஒரு பங்கைக் குறைக்க வருடக்கணக்கில் உழைக்கவேண்டும். நீங்களோ இரண்டு மாதத்தில் ஒரு நிமிட ஓட்டத்தை அரை மணித்தியாலம் ஆக்குகிறீர்கள். இந்தப் பாய்ச்சல் புதியவருக்கு மட்டும்தான், ஒரே ஒரு தடவைதான், கெட்டிக்கார ஓட்டக்காரருக்குக் காசு கொடுத்தாலும் இனிக் கிடைக்காது. அதை வேறொருவரின் கடிகாரத்தைப் பார்த்து வீணாக்குவது எனக்குப் பெரிய நட்டமாகப் படுகிறது. ஒரு சின்னக் கொப்பியில் திகதி, எவ்வளவு நேரம், எப்படி இருந்தது என்று ஒரு வரி எழுதுங்கள். ஆறு கிழமை கழித்து முதற்பக்கத்தைத் திருப்பினால் தெரியும்.

வீட்டில் சிரிக்கிறார்கள். ‘ஓடி என்னத்தைக் கிழிக்கப் போறாய்’ என்கிறார் அப்பா.

சிரிக்கட்டும். பதில் சொல்லப் போகாதீர்கள், மூன்று மாதத்தில் அவரே அயலவரிடம் ‘இவ விடிய எழும்பி ஓடுறா’ என்று சொல்லிக்கொண்டிருப்பார்.

நிறை குறையுமா?

கொஞ்சம் குறையலாம், குறையாமலும் போகலாம், அது பெரும்பாலும் தட்டில் என்ன விழுகிறது என்பதைப் பொறுத்தது. தராசை நம்பி ஓடத் தொடங்கியவர்கள் தராசு அசையாத கிழமையில் விட்டுவிடுகிறார்கள். படி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா, நித்திரை எப்படி என்று பாருங்கள், அவை முதலில் மாறும்.

காய்ச்சல் வந்து ஒரு மாதம் ஓடவில்லை. எல்லாம் போய்விட்டதா?

எல்லாம் போகாது, கொஞ்சம் போயிருக்கும். விட்ட இடத்திலிருந்து இரண்டு கிழமை பின்னால் போய்த் தொடங்குங்கள், இரண்டாம் தடவை வேகமாக ஏறும். டெங்கு வந்தவர்கள் அவசரப்படாமல் வைத்தியர் சரி சொன்ன பிறகு மட்டும்.

30 நிமிடம் ஓடிவிட்டேன். ஒரு கிழமை சந்தோஷம், இப்போது வெறுமையாக இருக்கிறது. ஏன்?

ஒவ்வொரு ஓட்டத்திலும் ‘முதன்முதலாக’ என்று ஒன்று இருந்தது, இப்போது இல்லை, அதனால்தான். இது எல்லாருக்கும் வரும். உடனே அரை மரதன் என்று பாயாதீர்கள். சிலர் இடத்தை மாற்றுகிறார்கள், சிலர் கிழமையில் ஒரு ஓட்டத்தை மட்டும் நீட்டுகிறார்கள். எனக்குப் பிடித்தது, ஓடத் தெரியாத இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போய் அவரோடு முதற்கிழமையிலிருந்து ஓடுவது. அவருடைய ஐந்தாம் கிழமையைப் பக்கத்திலிருந்து பார்க்கலாம்.

போட்டிக்குப் பெயர் கொடுக்கலாமா? கடைசியாக வந்தால்?

கொடுக்கலாம். கொழும்பில் நடக்கும் பெரிய ஓட்டங்களில் 5 கிலோமீற்றர் பிரிவு இருந்தால் அதில் நடப்பவர்கள் நிறையப்பேர் இருப்பார்கள், கடைசி இடம் அவ்வளவு சுலபமாகக் கிடைக்காது. தொடக்கக் கோட்டில் பின்னால் நில்லுங்கள், முன்னுக்கு நின்றால் கூட்டம் இழுத்துக்கொண்டு போய்விடும், இரண்டாவது கிலோமீற்றரில் மூச்சு முட்டும். புதுச் சப்பாத்தை அன்றைக்கு முதன்முதலாகப் போடாதீர்கள். காசு கட்டுமுன் தொடக்க நேரத்தைப் பாருங்கள், பெரும்பாலும் விடிவதற்கு முன்தான் தொடங்குவார்கள், அந்த நேரத்தில் பஸ் குறைவு, ஓட்டோவுக்கு முதல்நாளே சொல்லிவைக்கவேண்டும்.